கட்டிலில் உங்கள் பக்கம்

என்னை இங்கே கரைச்சலுக்குள் விட்டுவிட்டு அங்கே நிம்மதியாகப் படுத்திருக்கும் என் ஆசை மனுசனுக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன். கோபத்தில் இருக்கிறேன். உங்கள் ஆட்களிலும் கோபம், என்னுடைய ஆட்களிலும் கோபம், உண்மையைச் சொன்னால் உங்களிலும் கொஞ்சம். நேற்றுத்தான் பயணம் முடிந்து பாரிஸ் லாச்சப்பலுக்குத் திரும்பினோம். உடுப்புகள் இன்னும் பைக்குள்ளேயே கிடக்கின்றன. உயிரோடு இருக்கிற யாரிடமாவது இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நீங்கள் என்றால் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வேறு வழி உங்களுக்கு இல்லை.

கரவானைப் பற்றித்தான் சொல்கிறேன். கட்டிலும் அடுப்பும் வைத்த அந்தச் சில்லு வீட்டைப் பழசாக வாங்கி, திரான்சியில் உங்கள் சிநேகிதனின் கராஜ் வளவில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்களே, அதே கரவான். அதைக் காரில் கொழுவி ஒரு பயணமாவது போகமுதல் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. இப்போது அந்த வளவையும் விற்கிறார்களாம், கோடை முடியமுதல் எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். மாடி வீட்டில் இருக்கிற நான் அதை எங்கே கொண்டுபோய் வைக்க? விற்கத்தான் வேண்டும்.

விற்கமுதல் ஒரே ஒரு இரவு அதில் படுத்து எழும்ப வேண்டும். விடிந்ததும் கதவைத் திறந்துவைத்து, படியில் இருந்து ஒரு பிளேன் ரீ, பால் விடாத தேத்தண்ணி, குடிக்க வேண்டும். நீங்கள் கையால் படம் போட்டுப் போட்டுக் காட்டிய அந்த ரீ. நான் கேட்டது அவ்வளவுதான். அது பெரிய ஆசையா, சொல்லுங்கோ?

நீங்கள் அதை ஏன் வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். வந்த புதிதில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரே அறைக்குள் அத்தனை பேர் இருந்தீர்கள். வேலை முடிந்து வருகிறவன், வேலைக்குப் போகிறவனை எழுப்பிவிட்டு அவன் படுத்த சூட்டிலேயே படுப்பானாம். பிறகு யாரோ ஒருவரின் வீட்டுச் சாலோன் தரை, யாரோ ஒருவரின் சோபா. கலியாணம் கட்டிய பிறகும் கொண்டாட்டம் கொண்டாட்டமாய்ப் போய், யாரோ வீட்டுப் பிள்ளையை எழுப்பிவிட்டு அதன் கட்டிலில் படுத்தோம். "மற்றவன்ரை மெத்தையில இனி முதுகு வைக்கமாட்டன்" என்று ஒரு நாள் காரில் வரும்போது சொன்னீர்கள். கொஞ்ச நாளில் கரவான் வந்து நின்றது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

புறப்பட்ட கதைக்கு வருகிறேன். நம் மகள் மயூரிதான் ஓட்டினாள். போன சனிக்கிழமை திரான்சிக்குப் போய், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, தேசிக்காயை நசித்துக்கொண்டு கரவானை வளவுக்கு வெளியே எடுத்தோம். மயூரி வீடியோ எடுத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைச் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டதும் போதாமல், ஓர்லியோன், லிமோஜ் வழியாகத் துலூஸ் வரை போகிறோம் என்றும் எழுதிவிட்டேன். இந்த விரலை என்ன செய்ய?

லாச்சப்பலில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறவள் காரோடு தெற்குப் பக்கம் வருகிறாள் என்றால் விடுவார்களா? ஓர்லியோனில் இருந்து உங்கள் பழைய அறைத்தோழர் குணம் அண்ணை முருங்கைக்காய் கேட்டார். லிமோஜில் இருந்து என் மாமி மகள் வாழையிலையும் ஒரு பெட்டி கத்தரிக்காயும் கேட்டாள். துலூஸில் இருந்து உங்கள் தம்பி ரவி ஒரு மூட்டை குத்தரிசியும் கருவாடும் கேட்டான். கரவானில் இடம் கிடக்கும்தானே என்றான். நானும் எல்லாருக்கும் ஓம், ஓம் என்றேன். இல்லை என்று சொல்ல இந்த வாய்க்கு யார் பழக்கினார்கள்?

இது கரவானா லொறியா என்று மயூரி பிரெஞ்சில் கத்தினாள். அவளில் பிழை சொல்ல முடியாது. கட்டிலில் என் பக்கம் கத்தரிக்காய்ப் பெட்டி, உங்கள் பக்கம் அரிசி மூட்டை. கருவாட்டை எத்தனை பைக்குள் சுற்றினாலும், நீங்கள் அப்படித் துடைத்துவைத்த கரவான் மீன் கடை மாதிரி மணந்தது.

முதல் இரவு ஓர்லியோனுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், கரவான்களை நிறுத்தித் தங்கும் ஒரு கம்பிங். கரவானைப் பின்னுக்கு எடுத்து ஓர் இடத்தில் விடுவது என்றால் என்னவென்று நீங்கள் அறியாமலே போய்விட்டீர்கள். ஸ்ரேறிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போகிறது. பக்கத்துக் கரவான்காரர் கதிரை போட்டு இருந்து பார்த்தார்கள். மயூரிக்கு அழுகை வந்துவிட்டது. ஒருமாதிரி நேராக்கி, நாலு மூலைக் கால்களையும் இறக்கி, காஸைப் பற்றவைத்துக் கேத்திலை வைத்தேன். தண்ணீர் கொதிக்கமுதல், முருங்கைக்காய்க்கு என்று இடம் கேட்டு வைத்திருந்த குணம் அண்ணையின் கார் வந்து நின்றது.

"எங்கட வீடு இருக்கேக்கை நீங்கள் றோட்டில படுக்கிறதோ? சனம் அறிஞ்சா என்ன கதைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அவரே காஸை நிற்பாட்டினார். அவருடைய மனுசி என் பையைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டா. மத்தியானத்தில் இருந்து எங்களுக்காகச் சமைத்தாவாம். அன்றைக்கு நாங்கள் படுத்தது அவர்களுடைய சின்ன மகளின் கட்டிலில். பிள்ளை சோபாவில். வந்த புதிதில் அந்த ஒரே அறையில் உங்கள் சூட்டில் படுத்து எழும்பிய மனுசனுக்கே இது விளங்காதா என்று எனக்கு எரிச்சல். அல்லது அங்கே படுத்ததனால்தான் ஒருவரையும் வெளியே விட அவருக்கு மனம் வரவில்லையா?

லிமோஜில் என் மாமி மகள் கம்பிங் என்ற சொல்லையே கேட்க ஆயத்தமில்லை. நேரே வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். அவர்கள் தெருவின் வளைவில் கரவான் இறுகிக்கொண்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. அயல்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்கள். நாங்கள் அங்கே கூடாரமடிக்க வந்த கூட்டமோ என்று ஒருவர் கேட்டார். மயூரி இறங்கிப் போய் அவருக்குப் பிரெஞ்சில் நல்லாகக் கொடுத்தாள். கடைசியில் கரவானை ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங்கில் தனிய விட்டுவிட்டு, நாங்கள் சாலோனில் படுத்தோம். விடியப் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். வேண்டாம் என்றால் விடுகிறாளா? போய்ப் பார்த்தால் கரவான் கண்ணாடியில் ஒரு கடதாசித் துண்டு: இங்கே இரவில் தங்கக் கூடாது. தங்கினது யார்? வாழையிலை மணம்தான் தங்கியது.

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. துலூஸுக்குக் கிட்ட ஒரு கம்பிங்கில் ஒருவருக்கும் சொல்லாமல் நின்றோம். ரவியின் சாமான்களை அடுத்த நாள் கொடுக்கலாம் என்று போனையும் நிற்பாட்டிவிட்டேன். ஆனால் உங்கள் மகளுக்குக் கருவாட்டு மணம் தாங்கவில்லை. எனக்குத் தெரியாமல் சித்தப்பாவுக்கு இடத்தை அனுப்பி, வந்து கருவாட்டை எடுத்துக்கொண்டு போங்கோ என்று எழுதிவிட்டாள். சித்தப்பா கருவாட்டுக்கு மட்டுமா வருவார்?

ரவியின் கார் வருவதைக் கண்டதும் நான் கதவுப்படியில் குந்திவிட்டேன். அவன் வழக்கமான கதையைத் தொடங்கினான். நான் அசையவில்லை. அவர் ஒருவர் வீட்டிலும் படுக்கக் கூடாது என்றுதான் இதை வாங்கினவர், நான் இன்றைக்கு இதில்தான் படுப்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"அண்ணை ஒரு நாளெண்டாலும் என்ரை வீட்டில படுத்தவரோ, அண்ணி? புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்திட்டும் ஹோட்டலில போய்த்தானே படுத்தவர். நான் என்ன பிழை செய்தனான்?"

நீங்களே சொல்லுங்கோ, அவன் என்ன பிழை செய்தான்? உங்களுக்கு மெத்தை பிடிக்காமல் போனதை அந்தப் பொடியன் தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்திருக்கிறான். இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்கள். அவன் அரிசியையும் கருவாட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வென்றது நான்தான். ஆனால் கேத்திலை வைக்கக்கூட மனம் வரவில்லை.

பொழுது படமுதல் அதே கார் திரும்பி வந்தது. அவனும் மனுசியும் இறங்கினார்கள், கையில் இரண்டு தலையணையும் சாப்பாட்டுச் சட்டியும். "அப்ப நாங்கள் இஞ்சை படுக்கிறம், அண்ணி. இது அண்ணையின்ரை வீடுதானே."

தனிய ஒரு இரவு கேட்டவளுக்கு இதுதான் கிடைத்தது. மேசையை மடித்து அவர்களுக்குக் கட்டிலாக்கினேன். மயூரி மேலே இருக்கிற சின்னத் தட்டில் ஏறினாள். நான் நம் கட்டிலில், என் பக்கம். எரிச்சலோடுதான் படுத்தேன்.

காலையில் கதவைத் திறந்துவைத்து ரீ குடித்தோம். நீங்கள் வாங்கி வைத்தது இரண்டே இரண்டு கோப்பை, மாறி மாறித்தான் குடிக்க வேண்டியிருந்தது. கரவானை விற்க வேண்டாம், தன் வீட்டு வளவில் நிற்கட்டும் என்கிறான் ரவி. நான் வந்தால் என் வீட்டில் படுத்த மாதிரியும் இருக்குமாம், அவன் வீட்டில் படுத்த மாதிரியும் இருக்குமாம். இப்போதைக்கு அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முடிவு சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?

இன்னொன்று. ரீக்கு முதல் நடந்தது. அரைத்தூக்கத்தில் எனக்கு உங்கள் குறட்டை கேட்டது. அதே இழுவை, நடுவில் அதே நிறுத்தம். கண்ணைத் திறக்காமலே, "இஞ்சருங்கோ, சரிஞ்சு படுங்கோ" என்றேன், இத்தனை வருடம் சொன்ன மாதிரியே. மேசைப் பக்கம் கட்டில் கிறீச்சென்றது. ரவி சரிந்து படுத்தான். குறட்டை நின்றது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குறட்டை என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே படுக்க நீங்கள்தான் விடவில்லையே. கையை நீட்டிப் பார்த்தேன். உங்கள் பக்கம், மூட்டையில் இருந்து சிந்திய கொஞ்சம் குத்தரிசி. அழுதேன். ரவி எழும்பிக் காஸைப் பற்றவைத்தான். முதல் கோப்பையை எனக்குத் தந்தான், அவ்வளவுதான்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த முறை ஓர்லியோன் கேட்டாலும் லிமோஜ் கேட்டாலும் நான் இல்லை என்று சொல்வேன். அந்தக் கட்டிலில் உங்கள் பக்கம் இனி ஒருவருடைய மூட்டையும் ஏறாது.

என் பக்கத்தை விட்டு உங்கள் பக்கத்துக்கு இன்னும் தள்ளிப் படுக்காத,
உங்கள் மனுசி
ராணி