நாலு மணி வரைக்கும்

மார்ச் 3, 2025, திங்கள்
கால் முடியாதவர்களுக்கான எங்கள் வாக்கரின் கடைசி வடிவம் தயார். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டால் நாற்பது வாக்கர்கள் செய்து அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு குறை தெரிந்தால்?

மார்ச் 4
கருப்பம்மா அக்காவைத் தோட்டத்திலிருந்து எங்கள் பதுளை ஆபீசுக்கு அழைத்து வந்தோம். சர்க்கரை வியாதியால் ஒரு காலை இழந்தவர். கையில் மாதிரி வாக்கர், கண்ணில் வி.ஆர். கண்ணாடி. அதற்குள் அவருடைய லயத்து வரிசை வீடு, வாசல், இருபதடி தள்ளிக் கக்கூஸ் - எல்லாம் நான் அளந்து வரைந்தவை. வாசலில் நின்று இடது கையால் எதையோ தேடினார். பயம் என்று நினைத்தேன். பிறகு தடுமாறாமல் நடந்தார். "நல்லா இருக்குங்க மிஸ்."
டீ கொடுத்தேன். "வேணாங்க. கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போக மக வரணும். கொழுந்து பறிச்சிட்டு மலையில இருந்து நாலு மணிக்குத்தான் வருவா. அது வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல."

மார்ச் 5
ஒன்பது பேர் நடந்து பார்த்தாகிவிட்டது. ஒன்பது பேரும் "நல்லா இருக்குங்க". ஒருவருக்குக்கூடவா குறை தெரியவில்லை? ஆபீஸ் ஆளிடம் தோட்டத்தில் யார் குறை சொல்வார்கள்? தோட்டத் தொழிலாளியான என் அப்பா சொன்னதுண்டா?

மார்ச் 6
எங்கள் மேலாளர் சதீசன் சேர்: "இன்னும் என்ன யோசிக்கிறீர், அஞ்சலின்? நாளைக்கு நாப்பது வாக்கருக்கும் ஓடர் போகோணும்."
கண்ணாடியை எடுத்துக்கொண்டு கருப்பம்மா அக்காவின் லயத்துக்கே ஓடினேன். குறை சொன்னால் கோபம் வராது, சொல்லாவிட்டால்தான் வேலை கெடும் என்று கெஞ்சினேன். மாட்டிப் பார்த்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எல்லாம் இருக்கு மிஸ். வாளியத்தான் காணோம்."
வாளி!
கக்கூசில் குழாய் கிடையாது. பொதுப் பீலிக் குழாயில் பிடித்த தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ரெண்டு கையும் வாக்கர்ல இருந்தா வாளிய எதுல தூக்குறது? பதினெட்டு வயசு வரைக்கும் அதே வாளிய நானும் தூக்குனவதானே? எப்படிடி மறந்த? வெட்கமா இருக்கு.

மார்ச் 7
கையெழுத்துப் போடவில்லை. சேர் காலண்டரில் 21-ஐ வட்டமிட்டார். "ரெண்டு கிழமை. அதுக்கு மேல என்னால ஏலாது."

மார்ச் 14
கண்ணாடிக்குள் வாளி வைத்தாயிற்று. ஆனால் அங்கே தண்ணீருக்குப் பாரம் இல்லையே. மாதிரியில் நிஜ வாளியையே மாட்டினோம். பக்கவாட்டுக் கொக்கி - வாக்கர் சரிந்தது. நடுவில், தாழ்வாக, ஒரு தட்டு - நின்றது. லயத்து மேட்டிலும் நிற்குமா?

மார்ச் 20
கருப்பம்மா அக்காவின் லயம். காலை பத்து மணி. மகள் மலையில். கூடவே போகப் பார்த்தேன். "நீங்க இங்கனயே நில்லுங்க மிஸ்." தட்டில் வைத்த வாளியோடு போனார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கால்வாசித் தண்ணீர் வழியில் சிந்தியிருந்தது. தனியாகவே திரும்பி வந்தார்.
பாலில்லாத பிளேன்டி ஊற்றினார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. குடித்து முடித்து, தனக்கு இன்னொன்றும் ஊற்றிக்கொண்டார்.