பழைய பூட்டே இருக்கிறது

பாப்பாவின் அப்பாவுக்கு,

வெளியூர் வேலை முடிந்ததும் நேரே உங்கள் அக்கா வீட்டுக்குப் போங்கள். உங்கள் துணிகளும் பழைய கருவிப் பையும் அங்கே இருக்கின்றன. பூட்டுத் திறக்கும் கம்பிகளைத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன். பழக்கம் விடவில்லை. இந்த முடிவை நேற்று மாலைதான் எடுத்தேன்.

வாசல் பூட்டை மாற்றச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பூட்டையும் இரண்டே நிமிடத்தில் திறக்கிறவருக்கு எந்தப் பூட்டைப் போடுவது? அதனால் பழைய பூட்டே இருக்கிறது. அதோடு காவலுக்கு இந்தக் கடிதம்.

"அடிக்கிற கைதான்டி அணைக்கும்" என்றாள் அம்மா. அடி என் மேல் மட்டும் விழுந்த வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாப்பாவின் வலது கையில் மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்கும். படியில் விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னவளும் நான்தான்.

குடிக்காத நாளில் உங்களைப் போல் யார் உண்டு? அந்த நாட்களுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் நீங்கள் முதலில் கேட்பீர்கள்: "உள்ள யாராவது இருக்காங்களா? நான் திறக்கறதுல அவங்களுக்குச் சம்மதமா?" நம் வாசலிலும் கேளுங்கள். உள்ளே நாங்கள் இருக்கிறோம். சம்மதமில்லை.

நேற்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "அப்பா வந்தாச்சு" என்று பாப்பா வாசலுக்கு ஓடினாள். ஆசையில் ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இடது கையால் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா