கடற்காகம் பார்க்கப் போன இடத்தில்

ஜூலை 3, சர்ச்சில் நகரம்

விரிகுடாவில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது. இளஞ்சிவப்பு நெஞ்சுக் கடற்காகத்தைத் தேடி வந்த எங்கள் குழுவில் மார்லிஸ் அக்காதான் அதை முதலில் பார்ப்பாள். எனக்கு இப்போதே எரிச்சல். வழிகாட்டி கார்னெட் எச்சரித்தார்: "வண்டிய விட்டு ரொம்பத் தூரம் போகாதீங்க. நீங்க பறவை பாக்க வந்தவங்கன்னு கரடிக்குத் தெரியாது."

ஜூலை 4

எழுத வரவில்லை.

ஜூலை 5

எழுதிவிடுகிறேன். நேற்று மற்றவர்களும் கார்னெட்டும் தண்ணீர் ஓரமாக நின்றிருந்தார்கள். நானும் அக்காவும் மட்டும் வண்டிக்குச் சற்றுத் தள்ளி, பாறைகளுக்கு நடுவில். அக்கா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "லோர்னா, வந்துடுச்சுடி! நெஞ்சப் பாரு, என்ன செவப்பு!" என்றாள்.

நான் திரும்பினேன். பாறைக்குப் பின்னாலிருந்து வெள்ளைக் கரடி எழுந்தது.

கத்தினேனா? இல்லை. ஓடினேன். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தி— பூட்டினேன். பின்னாலேயே ஓடிவந்த அக்கா கண்ணாடியைத் தட்டினாள். "தொறடி! லோர்னா!" என் கை நகரவே இல்லை. கார்னெட் வெடி போட்டார். கரடி மிரண்டு போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம்.

விடுதியில் எல்லோரும் கதவு ஏன் பூட்டியிருந்தது என்று விசாரித்தார்கள். "நான்தான் உள்ள போய்ப் பூட்டிக்கோன்னு சொன்னேன்," என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. யாருடைய மானத்தைக் காப்பாற்றினாள்?

ஜூலை 6

காலைச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அக்கா அப்படிச் சொல்லல. நானாத்தான் பூட்டுனேன்."

கார்னெட் எனக்குக் காப்பி ஊற்றினார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "ஊருக்கே சொன்னியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?"

சொல்லவில்லை. தோன்றக்கூட இல்லை. சீ, என்ன பிறவி நான்.

ஜூலை 8, ரயில்

அக்கா வேறு பெட்டியில் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 17, வின்னிபெக்

இத்தனை நாள் கழித்து அக்காவே போன் செய்தாள். மன்னிச்சிடுன்னு இந்த முறை அவளிடமே சொன்னேன். அழுதுவிட்டேன்.

"உன் எடத்துல நானும் ஓடியிருப்பேன்னு சொல்லலாம்னுதான் போன எடுத்தேன். வாயில வரமாட்டேங்குது," என்றாள். பிறகு அவளே சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம சதுப்பு நெலத்துப் பக்கம் பறவை பாக்கப் போறேன். வர்றதுன்னா வா. சாண்ட்விச் உன் பொறுப்பு."

ஆகஸ்ட் 20, ஞாயிறு

விடியுமுன்பே எழுந்து இரண்டு பேருக்கு ரொட்டி வெட்டினேன். ஒரு துண்டுகூட நேராக வரவில்லை.