மாடி வீடு காலியில்லை

அம்மணி,

இன்று காலையில் மாடிப்படியில் வார்னிஷ் வாசம் அடித்தது. மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பிக் காயில் சுற்றிவிட்டு நீ திரும்பும்போது உன் சேலையோடு ஒட்டிக்கொண்டு வருமே, அதே வாசம். மாடி வீட்டைப் பூட்டி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. தண்ணீர்க் குழாயைக்கூட கீழேயே அடைத்துவைத்திருக்கிறேன். சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். தூசி இருந்தது, பல்லி இருந்தது, நீ இல்லை. எனக்கு மட்டும் நீ இருப்பதே இல்லை.

மற்றவர்களுக்கு இருக்கிறாய். போன ஐப்பசியில், சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த பேங்க்காரம்மா ஒருவர் வீடு பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளே கால் வைக்காமல் திரும்பி, "யாரோ குளிச்சிட்டிருக்காங்க போல. நான் அப்புறமா வரேன்" என்று மரியாதையாகச் சொன்னார். அப்புறம் வரவேயில்லை. வெள்ளையடிக்க வந்தவன் அரைமணி நேரத்தில் வாளியோடு இறங்கிவிட்டான். அந்த அக்கா வெளியே கிளம்பியதும் வருகிறேன் என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

நீ வீடு கேட்டு வந்த அன்றைக்கு அன்னூர் பக்கத்து வெயில் உச்சியைப் பிளந்தது. ஏற்கனவே ஊரில் ஏழு வீடு ஏறி இறங்கியிருந்தாய். "ஏனுங்க, மாடி ஊடு காலியா இருக்குதுங்களா? நான் திருநங்கைங்க. பின்னாடி தெரிஞ்சு நீங்க சங்கடப்படக் கூடாது, முன்னாடியே சொல்லிப்போடறேனுங்க" என்றாய். "வா அம்மணி, மேல வந்து பாரு" என்றேன். பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அம்மணி என்றா கூப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் போல பெரிய மனசுக்காரி யார் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

சுதந்திர தினத்துக்குக் கிராம சபை கூடியது. நீ மனுவோடு எழுந்து நின்றாய். திருநங்கை என்றோ, இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து வாழ்கிறார்கள் என்றோ சொல்லி, இந்த ஊரில் யாருக்கும் வீடும் வேலையும் மறுக்கக்கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லிக் கேட்டாய். குரல் நடுங்கவேயில்லை உனக்கு. தலைவர் சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினார். "நம்மூர்ல யாருங்க மறுத்தாங்க? உங்களுக்கே இவங்க ஊடு குடுத்திருக்காங்களே. ஏனுங்கம்மா, நாஞ் சொல்றது சரிதானுங்களே?"

நீ என்னைப் பார்த்தாய். உன்னைத் திருப்பி அனுப்பிய ஏழு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். நான், "ஆமாங்க" என்றேன். மனு அதோடு படுத்துவிட்டது. நான் கொடுத்த வீட்டைக் காட்டியே உன் வாயை அடைத்துவிட்டார்கள்.

அடுத்த சபையிலும் கேட்பேன் என்று நீ சொன்னது என் பங்காளிகள் காதுக்கும் போனது. இரண்டுமுறை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். மாடியைக் காலி செய்யாவிட்டால் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் என் வாசலை மிதிக்கப்போவதில்லை என்றார்கள். பயந்துவிட்டேன். மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், மாடி வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். எனக்கு மகனே கிடையாது, அது உனக்கும் தெரியும். "சரிங்கம்மா" என்றாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ.

அதற்குப் பிறகு உனக்கு எங்கும் வீடு கிடைக்கவில்லை. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத் தென்னந்தோப்பில், காவல்காரருக்குக் கட்டிய சாளைக் குடிசையில் போய்த் தங்கினாய். தகரக் கூரை, தாழ்ப்பாள் இல்லாத கதவு. மார்கழி விடியலில் யானை வந்தது. பேப்பரில் யானை தாக்கி ஆண் பலி என்று போட்டிருந்தார்கள். யாரோ என்று பக்கத்தைத் திருப்பப்போனவள் போட்டோவைப் பார்த்தேன். நீயேதான்.

இன்றைக்குக் குடியரசு தினம். மாடியைப் பூட்டிவிட்டு நேராகக் கிராம சபைக்குப் போனேன். கூட்டம் நிரம்பியும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பால் சொசைட்டிக்காரர் மனைவி வந்தவள், "ஆள் இருக்குதுங்களா? சரிங்க, இருக்கட்டும்" என்று தானே சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். திரும்பிப் பார்த்தேன். வெறும் நாற்காலி.

எழுந்து உன் மனுவில் இருந்ததை அப்படியே கேட்டேன். தலைவரும் அன்றைக்குச் சொன்னதையே சொன்னார். மறுத்ததாக ஊரில் ஒரு புகாரும் இல்லையே, எதற்குத் தீர்மானம் என்றார்.

"நான் மறுத்தேனுங்க" என்றேன். "இல்லாத மகன் வர்றான்னு பொய் சொல்லி, அந்தப் புள்ளைய ஊட்ட விட்டு அனுப்புனவ நாந்தானுங்க. எழுதிக்குங்க."

பங்காளிகள் எழுந்து போனார்கள். தலைவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. செயலர் எழுதி முடிக்கும்வரை நின்றபடியே இருந்தேன். தீர்மானம் என்று எழுதவில்லை, கோரிக்கை என்றுதான் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். மே தினக் கிராம சபைக்கு மறுபடியும் போவேன். மறுத்தவள் என்ற பேரோடுதான் இனி இந்த ஊரில் நடப்பேன், நடக்கட்டும்.

எழுந்து நின்று பேச எனக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அம்மணி. அந்த ரெண்டு நிமிஷத்தை அன்றைக்கே உனக்குக் கொடுத்திருந்தால் நீ இருந்திருப்பாய்.