அனுமதியோடு போனவருக்கு

என் பிரியமுள்ள ஏழுமலை மாமாவுக்கு,

வழக்கு நடப்பதால் அந்த நாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எங்கேயும் எழுதாதே என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். சரி என்றேன். உன் பெயரையும் மாற்றி எழுதலாமே என்றார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. செய்யாத தப்போடு சேர்த்து உன் பெயரை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நடந்ததோடு சேர்த்து அதே பெயரை நானும் எழுத வேண்டாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நீ பம்ப் மெக்கானிக், நான் எலக்ட்ரீஷியன். இரண்டு பேருமே கான்ட்ராக்ட் ஆட்கள்தான். வளைகுடாவில் ஓட்டல் பராமரிப்பு வேலை என்று ஏஜென்ட் பாஸ்கர் சொன்னதை நம்பித்தான் விமானம் ஏறினோம். இறங்கிய மறுநாளே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோனார்கள். மண் நிரப்பிய மதில்களையும் துப்பாக்கிக்காரர்களையும் பார்த்த பிறகுதான் அது ராணுவ முகாம் என்று புரிந்தது. நீ மட்டும் சிரித்தாய். "ஓட்டல்னு சொன்னான், ரூம் சாவி எங்க மச்சான்?" என்று கேட்டாய்.

சைரன் அடித்தால் சிப்பாய்களுக்குப் பதுங்கு அறை உண்டு. நமக்குக் கன்டெய்னர், அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண் மூட்டை. நமக்கு ஏன் பதுங்கு அறை இல்லை என்று முதல் வாரமே நீ கேட்டாய். முந்தின நாள் ரொட்டியையே நாஷ்டாவுக்குப் போட்டபோது நீ தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்து நேபாளத்துப் பையன்கள் கவிழ்த்தார்கள். பிறகு நான். அதற்கப்புறம் சூடாகச் சோறு வந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் ஆள் இல்லை நீ. கண்ணை மூடிக்கொண்டு ஆபத்தில் குதிக்கிற ஆளும் இல்லை.

தண்ணீர் மோட்டார் மதிலுக்கு வெளியே இருந்தது. அது நின்றுபோன நாளில் வானத்தில் ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. போய்ச் சரிசெய் என்றார் சூப்பர்வைசர். "சிப்பாய் ஒருத்தன் கூட வந்தா நானும் போறேன். அவனே வராத எடத்துக்கு நான் எதுக்கு?" என்று மறுத்துவிட்டாய். அன்று நீ போகவில்லை. மறுநாள் காலை வயர்லெஸ்ஸில் அவர் கூப்பிட்டார். வெளியே எல்லாம் கிளியர், போகலாம் என்றார். உன் இரண்டு கையிலும் சாமான், அதனால் வயர்லெஸ் என்னிடம் இருந்தது.

"கிளியரான்னு இன்னொரு வாட்டி கேளு மச்சான்" என்றாய்.

கேட்டேன். கிளியர், சீக்கிரம் போகச் சொல் என்று பதில் வந்தது. நீயும் அதைக் கேட்டாய். முகாம் வாசலில் நின்றிருந்த நேபாளத்துச் சமையல்காரர் பகதூரும் கேட்டார். "நீ உள்ளயே இரு. ரெண்டு பேரு எதுக்கு?" என்று என்னை நிறுத்திவிட்டு நீ மட்டும் போனாய். மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அதன்மேல் இன்னொரு சத்தம் கேட்டது.

அதற்குமேல் அந்தக் காலையை எழுத என்னால் ஆகாது. உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தோம். கவரைப்பேட்டை ஸ்டேஷன் அருகே இருந்து ஊர் முழுக்க உன்னோடு நடந்து வந்தது. எல்லாம் முடிந்து அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தேவகியக்கா அழவில்லை. "இத எல்லாருக்கும் முன்னாடி சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டாள். சொல்வேன் என்றேன்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. அதற்கு முந்தின நாள் புதுவாயல் டீக்கடையில் பாஸ்கர் என்னைப் பிடித்தார். "கோபி, போனவன் போய்ட்டான். நீ சும்மா இருந்தா சிப்காட்ல பர்மனென்ட் வேல நான் வாங்கித் தர்றேன். வாயத் தொறந்தேன்னு வையி, ஒரு கம்பெனி கேட்டையும் நீ தாண்ட முடியாது" என்றார். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் அவர் வந்தார். கூடவே சலவைச் சட்டையில் கம்பெனி அதிகாரி ஒருவர், ஆளுயர மாலையோடு. மாலையை உன் படத்துக்குப் போட்டுவிட்டு அதிகாரி மைக்கைப் பிடித்தார். கடமையில் ஆர்வம் மிகுந்தவர், அந்த ஆர்வத்தில் அனுமதி இல்லாமல் மதிலைத் தாண்டிப் போய்விட்டார், ஆனாலும் கம்பெனி மனிதாபிமானத்தோடு குடும்பத்துக்குத் துணை நிற்கும் என்று பேசினார். பந்தலில் இருந்த பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பாவம், அவசரப்பட்டுவிட்டான் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

மாமா, நான் எழுந்திருப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். நேராகப் போய் அந்த ஆளின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கவில்லை, கடைக்காரரிடம் பொருள் வாங்குவதுபோல வாங்கினாள். என் பக்கம் நீட்டினாள். "கோபி, நீ சொல்லு."

சொன்னேன். தண்ணீர் மோட்டாரிலிருந்து வயர்லெஸ் வரைக்கும், நீ கேட்கச் சொன்னது, நான் கேட்டது, சூப்பர்வைசர் சொன்னது எல்லாம். பாஸ்கர் இடையில் வந்தார். "இன்னா கோபி, துக்க ஊட்ல வந்து பேஜாரு பண்ணிக்கினு."

"என் ஊட்டுத் துக்கம்ணா இது" என்றாள் அக்கா. "நீ எதுக்கு வந்த?"

பிறகு உன் படத்திலிருந்து அந்த மாலையைக் கழற்றி, அதிகாரியின் இரண்டு கையிலும் வைத்தாள். "அனுமதி குடுத்து அனுப்பிட்டு, செத்தப்புறம் இல்லன்றீங்க. இத எடுத்துக்கினு போங்க."

பின்வரிசையிலிருந்து எளாவூர்க்காரர் ஒருவர் எழுந்தார், லாரி ஓட்டுகிறவர். "பாஸ்கரு, எம் புள்ள பாஸ்போர்ட்டு உங்கிட்டதான கீது? அத மொதல்ல குடு" என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர். அன்று மாலைக்குள் பாஸ்கர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பாஸ்கர் சொன்னபடியே செய்தார். சிப்காட்டில் எந்தக் கம்பெனியிலும் எனக்கு வேலை இல்லை. புதுவாயலில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். காயில் சுற்றும்போது உன் ஞாபகம் வரும். வந்தால் வரட்டும் என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். அக்கா செருப்புக் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்துவிட்டாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்க அவள் போடும் சண்டையை நீ பார்க்க வேண்டும்.

அக்கா போட்ட வழக்குக்குக் கோர்ட்டில் கம்பெனி பதில் கொடுத்திருக்கிறது. அப்படி ஒரு வயர்லெஸ் பேச்சே நடக்கவில்லையாம். பகதூர் தன் ஊரிலிருந்து போன் செய்தார். கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்கிறேன் என்றார். சமாதானமாகப் போகலாம் என்றும் கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அனுமதி இல்லாமல் போனார் என்ற வரி அப்படியே இருக்குமாம். அக்கா அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து வழியனுப்பிவிட்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. உன் மகளுக்குப் படிப்பு இருக்கிறதே. அக்காவின் முகத்தைப் பார்த்து என்னக்கா என்றேன். "அவளும் அந்த வரியப் படிப்பா இல்ல?" என்றாள்.

இப்போது வேறொரு நாட்டில் சண்டை. வேறொரு ஏஜென்ட் வந்திருக்கிறான். பையன்கள் கடைக்கு வந்து, அண்ணா, போகலாமா என்று கேட்கிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இங்கே அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்? நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிலர் போகிறார்கள், சிலர் நிற்கிறார்கள்.

ஆனால் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அக்காவைத் தேடி வருகிறார்கள், மாமா. மகனிடமிருந்து போன் வந்து மாதமாகிவிட்டது என்று ஒரு அம்மா. கணவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாத ஒரு பெண். மனுநாளில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு அக்கா போகிறாள். நான் பின்னால் நிற்கிறேன். போன தடவை, மனுவைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார்கள். பதில் வாங்காமல் போவதில்லை என்று பெண்கள் வராந்தாவிலேயே உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து எழுப்பிவிட்டது.

வருகிற திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோறு கட்டி வரச் சொல்லியிருக்கிறாள் அக்கா. சாயங்காலம் வரை உட்கார வேண்டியிருக்குமாம். இந்தத் தடவை நானும் அவர்களோடு உட்காருவேன். யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தேவகியின் தம்பி,
உன் மச்சான் கோபி