அறையின் சத்தம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா? இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை.

உங்கள் ஆவணப்படத்தை இங்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எரிந்த தையல் கூடத்தையும், செத்துப்போன ஒன்பது பெண்களின் செருப்புகளையும் பார்த்து நானே அழுதேன். அதற்குப் பிறகுதான் காவலாளி என்று உன் அத்தான் வந்தார். "பின்கதவைப் பூட்டினது யாரு?" என்று டைரக்டர் கேட்கிறார். இவர் பேசாமல் தரையைப் பார்க்கிறார். அப்படியே முக்கால் நிமிடம் ஓடுகிறது.

அவர் பதில் சொன்னார், தம்பி. "மேனேஜர் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிப் பூட்டினாரு" என்று மூன்று தடவை சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டேன். ஒலிப்பதிவு செய்த நீயும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாய். பேட்டி முடிந்ததும் புழுக்கம் தாங்காமல் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அப்போது நீதான், "அத்தான், ஒரு நிமிஷம் பேசாம இருங்க, யாரும் பேசாதப்ப ரூமோட சத்தம் எப்படி இருக்குன்னு பிடிச்சுக்கறேன், எடிட்டிங்குக்கு வேணும்" என்றாய். அந்த நிமிடத்தைத்தான் பதிலாக ஒட்டியிருக்கிறார்கள். கேள்வியின்போது பொத்தான் போட்டிருக்கிறது, மௌனத்தில் திறந்திருக்கிறது. பொத்தானை யார் பார்க்கப் போகிறார்கள்?

இஸ்திரிக் கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "நாங்கதான் கண்ணால பார்த்தோமே" என்று துணியைத் தேய்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுதியிலிருந்து வந்த மகள், "ஏம்பா வாயே திறக்கல?" என்று கேட்டாள். நான் குறுக்கே போனால், "நீ அவருக்குப் பரிஞ்சுதானே பேசுவே" என்கிறாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நேற்றுச் சாப்பிடும்போது இவரே என்னிடம், "நான் நிஜமாவே பதில் சொன்னேனா? சாவியை நானே கொடுத்திருப்பேனோ?" என்றார். சொன்னீர்கள், நான் கேட்டேன் என்றேன். நம்பவில்லை. எழுந்துபோய் மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தார்.

படத்தை மாற்றச் சொல்லவில்லை. மாற்றினாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதான். டைரக்டரை எதிர்த்தால் உன் பிழைப்பு போய்விடும், அதுவும் தெரியும். அத்தான் பேசிய பதிவு உன்னிடம் இருக்குமே, அதை மட்டும் அனுப்பு. ஊருக்குப் போட்டுக் காட்ட இல்லை, அவருக்குத்தான். நீ இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்கவேண்டும். உன் வேலை கெட்டுவிடக் கூடாதென்றுதான் அன்றைக்கு அவர் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

உன் அக்கா