எல்லோருக்கும் ஒரே கணக்கு

ஹாக்ஸ்பெண்ட் காலனி, மொன்டானா
ஜனவரி 12

அன்புள்ள ரெபெக்கா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நீ கல்யாணமாகி எல்லை தாண்டி ஆல்பர்ட்டாவுக்குப் போனதிலிருந்து உன் கட்டில்மேல் துணி மடித்து வைக்கிறோம். அத்தானுக்கு என் வணக்கம்.

எனக்குப் பதினைந்து ஆகிவிட்டது. பிள்ளைகள் சாப்பாட்டறையை விட்டு, காலனிப் பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் பந்திக்கு வந்துவிட்டேன். பெண்கள் வரிசையில் கடைசி இடம் எனக்கு. ரொட்டிக் கூடை என்னிடம் வரும்போது காய்ந்த முனைதான் மிச்சம். வேலையும் பெரியவர்கள் வேலை: இந்த வாரம் வாத்து இறகு பிடுங்கினேன், அடுத்த வாரம் சமையலறை.

இப்போது பெரிய செய்தி. நம் காலனியில் பதினைந்தோடு படிப்பு முடிந்துவிடும் அல்லவா? எனக்கு முடியவில்லை! வெளியிலிருந்து வரும் இங்கிலீஷ் டீச்சர் மிஸ் ப்ரூக்ஸ், நம் போதகர் ஜேக்கப் பெரியப்பாவிடம் பேசியிருக்கிறார். பள்ளிக்கூடத்து டேப்லெட்டில் நான் பத்தாம் வகுப்பைத் தொடரலாம். ஈஸ்டர் வரை சோதனை. வேலையில் குறை வந்தால் அன்றே நிறுத்தம்.

டேப் நம் பாட்டுப் புத்தகம் அளவுதான். படம் எடுப்பது பாவம் என்பதால் மேலாளர் ஸாம் பெரியப்பா கேமராமேல் கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டார். அதனால் உயிரியல் படங்களை விரலாலேயே திரையில் வரைந்து அனுப்புகிறேன். என் தவளை உருளைக்கிழங்குபோல் இருக்கிறது. சமையல் முறைப் பட்டியலையும் அதில் ஏற்றிவிட்டேன். எண்பது பேருக்கு எவ்வளவு வெண்ணெய் என்று தட்டினால் சொல்லிவிடும். தலைமைச் சமையல்காரி காத்ரீனா சித்தி, “இந்தப் பலகைக்கு வாய் இருக்கு, கை இல்லையே! வந்து மாவைப் பிசை” என்கிறார்.

நேரம்தான் போதவில்லை, அக்கா. மனப்பாடம் செய்ய வேண்டியதை எப்போது செய்வது?

உன் தங்கை,
யூடித்


லாங்மேர் காலனி, ஆல்பர்ட்டா
ஜனவரி 25

என் யூடித்துக்கு,

உன் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். உருளைக்கிழங்குத் தவளையை நினைத்து உன் அத்தான் ஜொனாஸும் சிரித்தார். இங்கே குளிர் மூக்கை அறுக்கிறது. மாவு எடுத்துவரப் போனால்கூடக் கையுறை.

நேரத்துக்கு ஒரு வழி சொல்லட்டுமா? ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதை, அதே ராகத்தில், வருஷா வருஷம் வாசிக்கிறார்கள். காது தானாகக் கேட்டுக்கொள்ளும். உன் வயதில் நான் அங்கே உட்கார்ந்துதான் உலக நாடுகளின் தலைநகரங்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன். தலையை மட்டும் குனிந்து வைத்துக்கொள். யாரிடமும் சொல்லாதே.

இங்கே ஜெர்மன் வாத்தியார் பொறுப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். ஜொனாஸின் பெயரும் அடிபடுகிறது. பிள்ளைகளின் பள்ளி, ஒழுக்கம் எல்லாம் அந்தப் பொறுப்பில். ஓட்டு மார்ச்சில். அவருக்காக ஜெபம் பண்ணு.

ரெபெக்கா


ஹாக்ஸ்பெண்ட்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துவிடு.

நீ சொன்னபடி முதல் ஞாயிறு செய்தேன். நன்றாகவே நடந்தது. மறக்காமலிருக்க, அடுத்த ஞாயிறுக்கு டேப்பில் ஒரு நினைவூட்டல் போட்டுவைத்தேன், அது நேரம் கேட்டதும் பிரசங்க நேரத்தையே கொடுத்தேன்: “பிரசங்கம் தொடங்கியதும், இதயத்தின் நான்கு அறைகள். அக்கா சொன்னபடி.” டேப்பை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். வீட்டில் கிடக்கும் பொருள் யாரை என்ன செய்யும்?

நம் விசுவாசப்படி காலனியில் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஸாம் பெரியப்பா கருவிகளை வாங்கியபோது எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல் போட்டிருக்கிறார். தனித்தனிப் பெயர் வைத்தால் தலைக்கனம் வரும் என்றாராம். அதனால் நான் பள்ளி டேப்பில் போட்டது அவர் போனுக்கும் போகும், பன்றிக் கொட்டகை பென் சித்தப்பா போனுக்கும் போகும். எனக்குத் தெரியாது, அக்கா. சமையலறை டேப்பில் என் வெண்ணெய்ப் பட்டியல் வந்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

கோயிலில் போன் வைத்திருக்கும் இருவர் அவர்கள்தான். கொட்டகையில் சூடு நின்றால் மணி அடிப்பதற்காக. நேற்று வெளியே கடுங்குளிர். போதகருக்குப் பதில் இன்னொருவர் பிரசங்கம் வாசிக்கத் தொடங்கினார். இருவர் போனும் ஒன்றாக அலறின. பென் சித்தப்பா எதையும் வாசிக்கவில்லை. “ஐயோ, குட்டிங்க!” என்று எழுந்து ஓடினார். பின்னாலேயே நாலைந்து ஆண்கள். பிரசங்கம் பாதி வாக்கியத்தில் நின்றது.

ஸாம் பெரியப்பா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே போனை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நின்றார்.

டேப் இப்போது அவர் அலுவலக அலமாரியில். போதகர் வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் என்னைக் கூப்பிடுவார். “அக்கா சொன்னபடி” என்றால் என்ன என்று கேட்பார். என்ன சொல்லட்டும்? சீக்கிரம் எழுது.

யூடித்


லாங்மேர்
பிப்ரவரி 16

யூடித்,

ஏன்டீ அப்படி எழுதி வைத்தாய்? மனதுக்குள் வைக்கச் சொன்னதை ஊருக்கே மணி அடித்துச் சொன்னாயே!

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ யோசித்துப் பார். ஜேக்கப் பெரியப்பா இங்குள்ள போதகருக்கு ஒரு போன் போட்டால் போதும். ‘பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லித்தரப் போகிறவனின் பெண்டாட்டி, பிரசங்கத்தைக் கேட்காதே என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தாள்’ என்று பேச்சு வந்தால் ஜொனாஸுக்கு யார் கை தூக்குவார்கள்? அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நானே பண்ணினேன் என்று சொல்லிவிடு. நீ சின்னவள், உன்னை மன்னித்துவிடுவார்கள். எங்களை மன்னிக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

ரெபெக்கா


ஹாக்ஸ்பெண்ட்
மார்ச் 1

அன்புள்ள அக்கா,

போதகர் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஸாம் பெரியப்பாவும் இருந்தார். மேசைமேல் டேப்.

ஜேக்கப் பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அக்கான்னு எழுதியிருக்கே, ரெபெக்காதானே?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

“சின்னப் பிள்ளைக்குப் பெரியவங்க தப்பு சொல்லிக்கொடுத்தா, கேள்வி பெரியவங்களுக்குத்தான். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. டேப்பை எடுத்துட்டுப் போய்ப் படி. மத்ததை நான் அங்க பேசிக்கறேன்.”

அக்கா, டேப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் இதயப் படம் பாதி வரைந்தபடி திரையில் தெரிந்தது.

“நான்தான் எழுதினேன், பெரியப்பா. நான்தான் பண்ணினேன்” என்றேன்.

“யாரும் சொல்லலையா?”

“நான்தான் பண்ணினேன்.”

அவர் டேப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “யாரும் சொல்லலைன்னா, அப்போ இந்தப் பெட்டிதான் சொல்லிக்கொடுத்திருக்கு. அப்படின்னா இது உனக்கு ஆகாது” என்றார். படிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலை காத்ரீனா சித்தி கரண்டியோடு ஸாம் பெரியப்பாவிடம் போய்ச் சண்டை போட்டார். “அவ பிரசங்கத்துல என்ன நினைச்சான்னு விசாரிக்கிறீங்களே, நீங்கல்லாம் என்ன நினைச்சுட்டு இருந்தீங்க? மணி அடிச்ச உடனே பன்னியத்தானே நினைச்சீங்க! அந்தப் பலகை இல்லாம எனக்குச் சாப்பாட்டுக் கணக்கு எவ பார்ப்பா?” ஆண்கள் சிரித்தார்கள். ஆனால் முடிவு மாறவில்லை. சமையலறையில் பழைய டேப் மக்கர் பண்ணுவதால் பள்ளி டேப்பைச் சமையலுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, தினமும் அதே டேப்பைக் கையில் பிடிக்கிறேன். வெங்காயம், மாவு, பன்றிக் கொழுப்பு. ஒரு விரல் நகர்த்தினால் என் பாடங்கள். நகர்த்தவில்லை.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

யூடித்


லாங்மேர்
மார்ச் 20

என் கண்ணே யூடித்,

ஜொனாஸைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! நேற்று ஓட்டு. மூன்று பேரைத் தவிர எல்லோரும் அவர் பக்கம். பள்ளிக்கூட அலமாரிச் சாவி, பிரம்பு, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. என்னவோ எனக்கே வாத்தியார் வேலை கிடைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொரு செய்தி. ஜூனில் எனக்குக் குழந்தை. நீதானே வர வேண்டும்? வழக்கப்படி தங்கைதான் பிள்ளை பார்க்க வருவாள். இலையுதிர் காலம் வரை இருந்துவிட்டுப் போ. இப்போது படிப்பும் இல்லை, இனி உனக்கு நேரம்தான் நேரம். உனக்கு நீலப் பூப்போட்ட துணி எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டு எழுது.

உன் அக்கா,
ரெபெக்கா


ஹாக்ஸ்பெண்ட்
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு என் வாழ்த்துகள். குழந்தைச் செய்தி கேட்டு அம்மா அழுதுவிட்டார். அன்றே குட்டித் தொப்பிக்கு நூல் எடுத்தார்.

போகிறாயா என்று அம்மா தினமும் கேட்கிறார். அக்காவுக்குப் பிள்ளை பார்க்கப் போகமாட்டேன் என்று சொன்ன தங்கை நம் வீட்டில் இதுவரை இல்லை. ஆனால் உன் கடிதத்தில் ‘இனி உனக்கு நேரம்தான் நேரம்’ என்ற வரியைப் படித்தபின் என்னால் அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிட முடியவில்லை. நீ வேண்டுமென்றே எழுதவில்லை என்று தெரியும். வேண்டுமென்று எழுதியிருந்தால்கூடக் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன்.

உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நீ என்ன பதில் எழுதினாலும் அது அப்படியேதான். இதை விலை பேசுவதாக நினைக்காதே.

ஆனால் நான் வந்தால் அத்தான் ஒருநாள் கேட்பார்: “யூடித், நல்லாப் படிச்சிட்டிருந்தியே, ஏன் நின்னுபோச்சு?” நீ அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். நான் எந்தப் பக்கம் பார்ப்பது? போதகர் முன்னால் தரையைப் பார்த்தேன். உன் வீட்டிலும் மாதக்கணக்கில் தரையையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அதனால் முதலில் நீ அவரிடம் சொல். ஓட்டு முடிந்துவிட்டது, இனி யாரும் கையை இறக்க மாட்டார்கள். சொன்ன பிறகு, உங்கள் பள்ளி டேப்பில் தினம் ஒரு மணி நேரம் எனக்குத் தர முடியுமா என்று கேள். பிள்ளை தூங்கும் நேரத்தில். பாடங்களை அங்கே அனுப்ப முடியும் என்று மிஸ் ப்ரூக்ஸ் சொல்கிறார். அத்தான் முடியாது என்றாலும் நான் வருவேன், பிள்ளையைப் பார்ப்பேன். நீ சொல்லாமல் இருந்தால் வரமாட்டேன். பெரியம்மா மகள் எஸ்தரை அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்பேன். காரணம் கேட்டால் எனக்குக் குழந்தை அழுகை ஆகாது என்று சொல்லிக்கொள்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். பரவாயில்லை.

நீலத் துணியை எடுத்து வைத்ததற்கு நன்றி.

யூடித்


லாங்மேர்
ஏப்ரல் 19

யூடித்,

உன் கடிதம் வந்து சில நாள் மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. போன ஞாயிறு, கோயில் முடிந்து வந்ததும் ஜொனாஸிடம் சொன்னேன். பிரசங்கம், தலைநகரங்கள், உனக்கு எழுதியது, அடுப்பில் போடச் சொன்னது, நீ கேட்ட ஒரு மணி நேரம், எல்லாம்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். போதகர் வீட்டுக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். பொறுப்பு அவரிடம் இருக்குமா என்று இன்னும் தெரியவில்லை. வரும் ஞாயிறு கோயிலில் நான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

இன்று காலை வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “அவ எப்ப வர்றா?” என்று கேட்டார்.

என்ன சொல்லட்டும்?

அக்கா